ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு கேமரா

மார்ச் 2

வாத்து,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிச்சுப் போட்டுடாதே. ஒரு பக்கம் படி, அப்புறம் உன் இஷ்டம். என் நம்பரை நீ அடைச்சு வெச்சிருக்கிறது தெரியும். அடைக்காம இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, எனக்கு இப்போ பேச அனுமதி கிடையாது. மூணு வாரமா வாயைத் திறக்கல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல இவ்வளவு நிம்மதி இருந்ததில்லன்னு உன் மாமா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருக்கார், என் காதுல விழற மாதிரியே.

விஷயத்துக்கு வரேன். தொண்டைக்குள்ள, குரல் பிறக்கிற இடத்துலயே, ஏதோ வளர்ந்திருக்கு. நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பார்த்தாதான் தெரியுமாம். ஏப்ரல் பத்தாம் தேதி ஆபரேஷன். பேச்சு வரலாம், வராமலும் போகலாம்னு தொண்டை டாக்டர் இழுத்தார். பாட்டு வராதுங்கிறதை மட்டும் இழுக்காம சொன்னார். காபிக்குச் சர்க்கரையை நிறுத்திடுங்கன்னு சொல்ற மாதிரி, பாட்டை மறந்துடுங்கன்னார்.

முப்பது வருஷமா பாடறேன். வாரக் கடைசியில அந்த ஹோட்டல் ஹால்ல, தட்டும் ஸ்பூனும் மோதுற சத்தத்துக்கு நடுவுல, திங்கிறவங்க முதுகைப் பார்த்துப் பாடறேன். ஒரு பாட்டுகூட உருப்படியா பதிவாகல. யாராவது ஃபோன்ல எடுத்து அனுப்புவாங்க, கேட்டா கிணத்துக்குள்ள விழுந்தவ கத்துற மாதிரி இருக்கும். அப்புறம் பார்த்துக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம்னே காலத்தை ஓட்டிட்டேன்.

டாக்டர் கால்ல விழாத குறையா ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கேன். ஏப்ரல் ஆறு, ஒரு மணி நேரம். ஒத்திகை கிடையாது. தப்பாப் போனா திரும்பப் பாடறதும் கிடையாது, தொண்டை தாங்காதாம். அந்த ஒரு மணி நேரத்தைப் படமும் சத்தமுமா எடுத்து வெச்சுக்கணும். செத்த பிறகு யாருக்கோ காட்டுறதுக்கு இல்ல. குரல் போன பிறகு நான் கேட்கிறதுக்கு.

அதுக்கு ஒரு கேமரா வேணும். சாதாரணமா, என் சக்திக்குள்ள இருக்கணும். உன் மாமா இயக்கணும், அதனால ஒரு பொத்தானுக்கு மேல இருக்கக் கூடாது. இங்க ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். நான் சிலேட்டுல எழுதிக் காட்டினதும் செவிடின்னு நினைச்சு ரெண்டு கடைக்காரனும் காதுகிட்ட வந்து கத்துறான். பூவையும் பூச்சியையும் எடுத்த படத்தைக் காட்டுறான். பாட்டுக்கு எது நல்லதுன்னு கேட்டா முழிக்கிறான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே கேமராக்காரன் நீதான், என் தலையெழுத்து. கோபத்தை ஒரு மாசம் பரண்ல போட்டு வை. இருபது வருஷமா கெட்டுப் போகாதது ஒரு மாசத்துல கெட்டுடாது.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. கடை வாசல் ஏறி வர்ற எல்லாருக்கும் பதில் சொல்றேன், உங்களுக்கும் சொல்றேன்.

பாட்டை எடுக்க வர்றவங்க செய்யற முதல் தப்பு, கேமராவைக் கண்ணால வாங்குறது. படம் எவ்வளவு துல்லியம், எவ்வளவு தூரத்துல இருக்கிறதை இழுத்துக் காட்டும்னு கேட்பாங்க. பாடுறவங்க எங்கேயும் ஓடிப் போறதில்ல. கேமராவை ஒரே இடத்துல உட்கார வெச்சுட்டு, அதோட காதைப் பத்திக் கேட்கணும்.

சின்னக் கேமராக்கள்ல ஒரு குணம் இருக்கு. சத்தத்தை அதுவே கூட்டிக் குறைச்சுக்கும். நீங்க மெதுவா பாடினா தூக்கிவிடும், உச்சத்துக்குப் போனா தலையில தட்டும். கடைசியில எல்லாம் ஒரே மட்டமா, மேடு பள்ளம் இல்லாம வரும். அதை நிறுத்தி வைக்க வசதி இருக்கணும், தனி மைக் சொருக ஒரு ஓட்டை இருக்கணும். சில கேமரா இருபது நிமிஷத்துல தானா நின்னுடும், அது ஆகாது. சிலது முகத்தைத் தேடித் தேடி மங்கித் தெளியும், அதுவும் ஆகாது. ஒரு மணி நேரம் பேட்டரி தாங்காது, அதனால ஓடும்போதே கரண்டு ஏத்திக்கிறதா இருக்கணும். இவ்வளவும் இருந்தா விலை குறைஞ்சதே போதும். பழசாவே கிடைக்கும், பின்னால என் மேஜையில நாலஞ்சு கிடக்கு.

ஹால் எவ்வளவு பெரிசு, தரை என்ன, கூட யார் வாசிக்கிறாங்க, எத்தனை பேர் உட்காருவாங்க, இதெல்லாம் எழுதுங்க.

தொண்டையைப் பத்தி எழுதியிருந்தீங்க. வருத்தம்.

இன்னொண்ணு. தபால் முதல்ல முதலாளி கையிலதான் போகுது. வாத்துன்னு எழுத வேண்டாம்.

தம்பி


மார்ச் 12

வாத்து,

என்னடா புதுசா 'நீங்க'? மூக்கு ஒழுக என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன் எனக்கு மரியாதை கொடுக்கிறான். முதலாளி படிச்சா படிக்கட்டும். பதிமூணு வயசுல போட்டி மேடையில குரல் உடைஞ்சு வாத்து மாதிரி கத்தினவன்னு அவருக்கும் தெரியட்டும். அன்னிக்குக் கூடப் பாடிட்டிருந்த நான் சிரிச்சேன், ஹாலே சிரிச்சது. அதுக்கப்புறம் நீ பாடவே இல்ல. ஒரு சிரிப்பு தாங்காதவனுக்குப் பாட்டு எதுக்குன்னு அப்பவே நினைச்சேன்.

சரி, கேட்டதுக்குப் பதில். பள்ளிக்கூடத்து ஹால், காலையில பத்து மணி, லீவு நாள். மரத் தரை, கனமான திரை. முப்பது அடி நீளம் இருக்கும். ஹோட்டல்ல எனக்குக் கீபோர்டு வாசிக்கிறவர் வருவார், இன்னும் அஞ்சாறு பேர் இருப்பாங்க. என் குரலைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. காத்தா ஆரம்பிச்சு ஓடு பறக்கிற மாதிரி போகும். அந்த மேடு பள்ளம்தான் நான். அதைத் தட்டி மட்டமாக்குற கேமராவை என் தலையில கட்டினே, நேரா வந்து உன் கடையைக் கொளுத்திடுவேன்.

உன் கடிதத்துல 'வருத்தம்'னு ஒரு வார்த்தை இருந்தது. பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். கஞ்சன் கூட இதைவிடக் கொஞ்சம் கூடப் போடுவான்.

ஒரு கேசட்டுக்காக இருபது வருஷமாடா? அப்பா செத்தப்போகூட வாசல்லயே நின்னுட்டுப் போனே. அம்மா ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தப்போ நீ எங்கேயோ தூர தேசத்துல வேலை பார்த்தே. வர முடியலன்னதால அம்மா உனக்கு ஒரு கேசட்டுல பேசி அனுப்பினா. அவ போன பிறகு அதைக் கையில எடுத்துக்கிட்டு வந்து அலமாரியில வெச்சே. வெறும் கேசட்டுன்னு நினைச்சு நான் அது மேல என் பாட்டுச் சாதகத்தைப் பதிஞ்சுட்டேன். தெரியாம பண்ணதுன்னு நூறு தடவை சொல்லியாச்சு. அவ அதுல என்ன பாடவா செஞ்சா, இருமலுக்கு நடுவுல பேசிக்கிட்டுதானே இருந்தா. அதுலயும் நீ முதல் பக்கம்தான் கேட்டே. மூணு மாசம் கையில இருந்தும் ரெண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போடக்கூட உனக்குத் தோணல. கேட்காதவனுக்கு என்ன நஷ்டம்?

கேமராவைச் சீக்கிரம் அனுப்பு.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

கேமரா இந்தப் பார்சல்லயே இருக்கு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, பார்த்து ஏமாந்துடாதீங்க. பைக் ஓட்டுறவங்க ஹெல்மெட்டுல மாட்டுற ரகம். ஒரே கண்ணு, அகலமா பார்க்கும். தேடாது, மங்காது, நடுவுல நிக்காது. சத்தத்தைத் தட்டுற குணத்தை நிறுத்தி வெச்சிருக்கேன். உங்க குரலுக்கு அளவு நானே போட்டேன், ஞாபகத்துல இருந்து. ஒரு சின்ன மைக்கும் வெச்சிருக்கேன். விலையைப் பத்தி யோசிக்க வேண்டாம், பழசு, ஒண்ணும் தர வேண்டியதில்ல.

மாமாவுக்குப் புரியற மாதிரி எழுதறேன், அவரைப் படிக்கச் சொல்லுங்க.

ஸ்டாண்டை உங்களுக்கு ஆறடி முன்னால, நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும். மைக்கை இன்னும் பக்கத்துல, கீபோர்டுப் பக்கம் திரும்பாம. ஃபேனை நிறுத்துங்க. மேல இருக்கிற சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினா ஓடும், மறுபடி அழுத்தினா நிக்கும். வேற எதையும் தொடக் கூடாது. பட்டியல் மாதிரி ஒண்ணு திரையில வந்தா உள்ளே போகக் கூடாது. எல்லாம் நான் வெச்ச படி இருக்கட்டும்.

முந்தின நாள் மாமா ரெண்டு நிமிஷம் பேசிப் பார்க்கட்டும். போட்டுக் கேளுங்க. நல்லா இருந்தா அதோட விடுங்க. நீங்க பாடிச் சோதிக்க வேண்டாம், தொண்டையை வீணாக்காதீங்க.

பாடும்போது நடுவுல நிறுத்தி நிறுத்தி எடுக்காதீங்க. ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் ஓடட்டும். ஹாலுக்குள்ள ஒரு ஃபோன்கூட இருக்கக் கூடாது, அதோட அலை மைக்குல 'டிர்ர்'னு ஏறும். எல்லாத்தையும் வாசல்லயே வாங்கி வெச்சுடுங்க.

முடிஞ்சதும் உள்ளே இருக்கிற மெமரி கார்டை எடுத்து எனக்கு அனுப்புங்க. அந்தக் கேமராவுலயே போட்டுப் பார்க்காதீங்க, அதுல இருக்கிற ஸ்பீக்கர் கொசு மாதிரி இருக்கும், மனசு விட்டுடுவீங்க. கம்ப்யூட்டர்ல சொருகவே வேண்டாம். அது எல்லாத்தையும் அழிக்கவான்னு கேட்கும், மாமா ஆமான்னு அழுத்திடுவார். நான் நல்லபடியா நகல் எடுத்து அனுப்பறேன்.

நல்லா பாடுங்க.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

கார்டு இதுக்குள்ள, பஞ்சுல சுத்தி இருக்கு. பத்திரம்.

உன் கடிதத்தை மாமா பாடப் புத்தகம் மாதிரி அடிக்கோடு போட்டு மனப்பாடம் பண்ணார். முந்தின நாள் கேமரா முன்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னா, பேச ஒண்ணும் தோணாம வீட்டுல இருக்கிற பாத்திரத்தை எல்லாம் வரிசையா சொன்னார். தெளிவா கேட்டது. மறு நாள் வாசல்ல ஒரு வாளியை வெச்சு, வந்தவங்க ஃபோனை எல்லாம் பிடுங்கிப் போட்டார். தலைமை ஆசிரியையே கொடுத்துட்டுத்தான் உள்ளே வந்தாங்க.

தம்பி, அன்னிக்கு எனக்குக் குரல் வந்தது. நான் சும்மா சொல்றவ இல்ல, உனக்குத் தெரியும். ரெண்டு மாசம் பேசாம இருந்ததோ என்னவோ, புதுசா துணி வெளுத்துக் காயப்போட்ட மாதிரி சுத்தமா வந்தது. மூணாவது பாட்டுல கீபோர்டுக்காரர் கையை எடுத்துட்டுச் சும்மா கேட்டுட்டிருந்தார். திட்டலாம்னு திரும்பினேன், அந்த ஆள் அழறார். நான் பாட்டுல எதையும் அடக்கி வைக்கல. முப்பது வருஷம் சோறு திங்கிறவங்களுக்காக வால்யூம் குறைச்சே பாடினவ, அன்னிக்குத்தான் முழுசா திறந்தேன். இதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம். வியாழக்கிழமை அவங்க வெட்டிக்கட்டும். அந்தக் கார்டுல நான் இருக்கேன், அது போதும்.

இப்போ உன் விஷயம். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்.

அந்தக் கேசட்டைத் தெரியாம அழிக்கல. தெரிஞ்சுதான் அழிச்சேன். அதுக்கு முந்தின நாள் ரெண்டு பக்கத்தையும் உட்கார்ந்து கேட்டேன். ரெண்டு வருஷம் அம்மாவுக்கு மலமும் மூத்திரமும் அள்ளினவ நான். புண்ணு வராம இருக்க மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டவ நான். தொண்ணூறு நிமிஷம் பேசியிருக்கா, அதுல என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்லடா. அவ வாய்க்கு முன்னாடி ரெக்கார்டரை வெச்சு, பொத்தானை அழுத்திட்டு வெளியே போனவளே நான்தான். எல்லாம் நீ, நீ, நீ. மறு நாள் அதை எடுத்துப் போட்டு என் குரலை ஏத்தினேன். அப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது. இப்போ இல்ல.

ஒரு தடவை கேட்டா எனக்கு மறக்காது, பாட்டானாலும் பேச்சானாலும். அம்மா மாதிரி பேசிக்காட்டி நான் வீட்டையே சிரிக்க வைப்பேனே, ஞாபகம் இருக்கா. நேத்திக்குப் பாட்டு முடிஞ்சதும் எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, கேமராவை நிறுத்தாதேன்னு மாமாவுக்குக் கை காட்டினேன். ரெண்டாம் பக்கத்துல உனக்குன்னு அம்மா சொன்னது ஒரு எட்டு நிமிஷம் இருக்கும். அதை அவ குரல்ல, அவ இருமலோட, வார்த்தை மாறாம பேசியிருக்கேன். முடிஞ்சதும் மாமா பொத்தானை அழுத்திட்டார். காகிதத்துல எழுதினா என் கைதான் தெரியும், அவ தெரியமாட்டா. வியாழனுக்கு அப்புறம் அவ குரலும் என்கிட்ட இருக்காது. அதனாலதான்.

கேட்டுக்கோ. அப்புறம் என் பாட்டுக்கு ஒரு நகல் போட்டு அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 19

தம்பி,

உட்கார்ந்து எழுத இன்னிக்குத்தான் முடிஞ்சது. ஆபரேஷன் முடிஞ்சது. நேத்திக்குக் கட்டைப் பிரிச்சு, 'ஆ' சொல்லுங்கன்னார் டாக்டர். சொன்னேன். சைக்கிள் டியூப்புல காத்துப் போற மாதிரி ஒரு சத்தம். மறுபடி சொல்லுங்கன்னார். மறுபடி அதேதான். சரி, பார்க்கலாம்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். அவர் பார்க்கலாம்னு சொன்ன விதத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

நான் அழல. பக்கத்துக் கட்டில்காரி ஆச்சரியப்படறா. என்கிட்ட ஒரு மணி நேரம் இருக்குன்னு அவளுக்குச் சிலேட்டுல எழுதிக் காட்டினேன், அவளுக்குப் புரியல.

மாமா காதுல மாட்டிக் கேட்கிற கருவி ஒண்ணு வாங்கிட்டு வந்து தலையணைகிட்ட வெச்சிருக்கார். நகல் எப்போ வரும்?

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

நகல் வராது. உன் பாட்டு இல்ல.

சுத்தி வளைக்காம எழுதறேன். கார் கண்ணாடியில ஒட்டி வைக்கிற கேமராவுல ஒரு அமைப்பு உண்டு. ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா கடைசி அஞ்சு நிமிஷத்தைத்தான் வெச்சுக்கும். முன்னாடி எடுத்தது மேலயே அடுத்ததை எழுதிக்கிட்டுப் போகும். விபத்து நடந்தா அந்த அஞ்சு நிமிஷம் போதும்னு அப்படி. உனக்கு அனுப்பினதுலயும் அது உண்டு. அதைப் போட்டுத்தான் அனுப்பினேன். மாமா ரெண்டு நிமிஷம் பேசினப்போ தெரிஞ்சிருக்காது. பட்டியலுக்குள்ள போகாதேன்னதும், வேற யாரும் பதிஞ்சுடாம ஃபோனை வெளியே வைக்கச் சொன்னதும், கார்டைப் போட்டுப் பார்க்காதேன்னதும் அதுக்குத்தான். ஃபோன் அலையைப் பத்தி எழுதினது பாதிப் பொய்.

முதல்ல நல்லதாத்தான் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன், துடைச்சு, பேட்டரி போட்டு. 'கேட்காதவனுக்கு என்ன நஷ்டம்'னு எழுதினே. அன்னிக்குச் சாயங்காலமே அதை அலமாரியில வெச்சுட்டு இதை எடுத்தேன். உன் பாட்டு மேல உன் பாட்டே ஏறி அழியணும்னு நினைச்சேன். கடைசியில நாற்காலி மடக்குறதும் திரையை இழுக்கிறதும் மட்டும் மிஞ்சணும், நீ அதைப் போட்டுப் பார்க்கணும். அளவெல்லாம் போட்டு முடிச்சு பார்சலைக் கட்டினப்போ எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்கல. கேட்டு ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

உன் ஏழாம் தேதி கடிதத்தைப் படிச்ச பிறகு, அழிஞ்சதை மீட்கிற எல்லா வழியும் பார்த்தேன். அது என் தொழில், கல்யாண வீட்டுக்காரங்க அழிச்சதை எல்லாம் மீட்டுக் கொடுத்திருக்கேன். மூணு நாள் கடையில வேற வேலை எதையும் தொடல. ஒரு மணி நேரத்துல ஒரே இடத்துல பத்துப் பதினஞ்சு தடவை எழுதியிருக்கு. ஒரு ஸ்வரம்கூட வரல.

இருக்கிறது அம்மா மட்டும்தான். அதுவும் முழுசா இல்ல. நீ எட்டு நிமிஷம் பேசியிருக்கே, கார்டுல இருக்கிறது கடைசி அஞ்சு. எழுபது எண்பது தடவை கேட்டுட்டேன். நீ பேசறேன்னு தெரியும், திரையில உன் முகம்தான் தெரியுது, இருந்தாலும் இருமினதும் தண்ணி எடுக்க எழுந்துட்டேன். அது இப்படி ஆரம்பிக்குது:

'...அந்த ஒண்ணை மட்டும் என்னால மன்னிக்க முடியலடா. செத்தாலும் முடியாது. சரி, விடு அதை. அந்தப் பல்லைப் போய்க் காட்டு, எத்தனை நாள் ஒரு பக்கமாவே மெல்லுவே...'

அப்புறம் போர்வை, செருப்பு, யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே, இப்படியே போய் முடிஞ்சுடுது.

எந்த ஒண்ணை?

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினப்போ லீவு கொடுக்கலன்னு எழுதினேன் இல்லையா. கொடுத்தாங்க. ரெண்டு தடவையும் கொடுத்தாங்க. நான்தான் வரல. அப்படிக் கிடக்கிறவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. அறையிலயே ரெண்டு வாரம் படுத்துக் கிடந்துட்டு வேலைக்குப் போனேன். கேசட்டுல ரெண்டாம் பக்கத்தைத் திருப்பாததும் அந்தப் பயத்துலதான். என்கூட வேலை பார்த்த யாராவது அம்மாவுக்கு எழுதிட்டாங்களா? அம்மாவுக்குத் தெரியுமா? அவ மன்னிக்க முடியலன்னது அதையா? இல்ல வேற ஏதாவதா? நான் சின்ன வயசுல ஆயிரம் தப்புப் பண்ணியிருக்கேன், அதுல ஒண்ணா இருக்கலாம். அப்பாவைப் பத்திக்கூட இருக்கலாம்.

எழுது. எவ்வளவு வேணும்னாலும் திட்டிட்டு எழுது.

தம்பி


மே 4

அக்கா,

பதில் வரல. கடிதம் கிடைக்கலையோன்னு இன்னொண்ணு எழுதறேன். முந்தினதுல எல்லாம் எழுதியிருக்கேன், அது கிடைக்கலைன்னா சொல்லு, மறுபடி எழுதறேன்.

அழிஞ்சு போன மூணு நிமிஷம்தான். ஒரு வரி போதும். எந்த ஒண்ணைன்னு மட்டும் எழுது.

உன் நம்பரைத் திறந்துட்டேன். பேச முடியாதுன்னு தெரியும். மாமா ஃபோன்ல ரெண்டு எழுத்து அடிச்சு அனுப்பினாலும் போதும்.

வாத்து


மே 12

வாத்து,

ரெண்டு கடிதமும் கிடைச்சது. முதல் கடிதத்தை மாமாதான் பிரிச்சார், நகல்னு நினைச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நின்னு படிச்சுட்டு உள்ளே வராம ரொம்ப நேரம் நின்னார். அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்து உன் கையை உடைக்கிறேன்னார். வேண்டாம்னு எழுதிக் காட்டினேன். கையை உடைச்சா ஆறு வாரத்துல கூடிடும்.

கேட்கிற கருவியைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துட்டேன். கேமராவைத் திருப்பி அனுப்பல. மாமா அதைக் கார் கண்ணாடியில ஒட்டிட்டார். நல்லா வேலை செய்யுது, உன் தொழில்ல உன்னைக் குறை சொல்ல முடியாது. ஹோட்டல்ல வேற ஒருத்தி பாடறா. என்கிட்ட கத்துக்கிட்டிருந்த பிள்ளைங்க பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர் இன்னும் வர்றாங்க, நான் மேஜையில தட்டறேன், அவங்க பாடறாங்க. தப்பாப் பாடினா பாடிக் காட்ட முடியல, தலையில அடிச்சுக்கிறேன்.

அந்த மூணாவது பாட்டை இங்க யாராலயும் சரியா சொல்ல முடியல. கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டு எப்படி இருந்ததுன்னு எழுதிக் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்தது அம்மான்னார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரியுது. எனக்கே இப்போ அது எப்படி இருந்ததுன்னு கேட்கல. மத்தவங்க குரலெல்லாம் எனக்கு மறக்காது. என்னோடது மட்டும் வரமாட்டேங்குது. காலையில எழுந்ததும் படுத்தபடியே தேடிப் பார்க்கிறேன்.

நீ கேட்டதுக்கு வரேன்.

போன வாரம் உட்கார்ந்து எழுதினேன். அந்த மூணு நிமிஷமும், அவ எந்த இடத்துல இருமினா, எந்த இடத்துல நிறுத்தித் தண்ணி கேட்டா, எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த ஒண்ணு எதுன்னு அதுல அவ பச்சையா சொல்லியிருக்கா, ஒளிவு மறைவே இல்ல. உனக்கு லீவு கிடைச்ச விஷயம் அவளுக்குத் தெரியுமா தெரியாதாங்கிறதுக்கும் பதில் அதுல இருந்தது. கவர்ல போட்டு, ஒட்டி, உன் விலாசமும் எழுதினேன். நாலு நாள் மேஜை மேல இருந்தது. அஞ்சாம் நாள் காலையில துண்டு துண்டா கிழிச்சுக் குப்பையில போட்டேன். மாமாவுக்கு அதைப் படிக்கக் கொடுக்கல, அவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அன்னிக்கு நான் அம்மா மாதிரி பேசினப்பவும் அவர் ஹாலுக்கு வெளியேதான் நின்னார், கை தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் வந்து பொத்தானை அழுத்தினார்.

தொண்டையில எடுத்ததைப் பரிசோதனை பண்ணி ரிசல்ட் வந்துடுச்சு. கெட்டது இல்லையாம், வெறும் சதையாம். உடம்புல வேற ஒரு குறையும் இல்ல, இன்னும் முப்பது வருஷம் இருப்பீங்கன்னு டாக்டர் கையைக் குலுக்கினார். முப்பது வருஷமும் அம்மா சொன்னது எனக்கு வரி மாறாம ஞாபகம் இருக்கும். உனக்கு எழுதமாட்டேன்.

அக்கா